ஞாயித்துக்கிழமை சுவிச்சு

ஏணிய அந்தப் பக்கம் சாத்துங்க தம்பி, இங்க தகரம் வழுக்கும். அப்ப இந்தப் பெட்டிய மாட்டிட்டா நீங்க ஆபீஸ்ல இருந்தே எங்க மாதா கோயில் சோலார அணைச்சிருவீங்க? நல்லது. எனக்கு ஒரு வேலை கொறைஞ்சது.

ஆமா, நான்தான் அணைப்பேன். கோயில் சாவி எங்கிட்டதானே. ஞாயித்துக்கிழமைன்னா உங்க கரண்ட் ஆபீஸ் மெசேஜ் வந்துரும், பத்துல இருந்து மூணு வரைக்கும் நிப்பாட்டுங்கன்னு. ஏன்னு தெரியாமயா? ஃபாதர் சொன்னாரு. லீவு நாளு, கரண்ட் எடுக்க ஆளில்ல, வெயில் மட்டும் லீவு போடாது, லைன் தாங்காதுன்னு. ஃபெக்டரி மூடுன அன்னைக்குத் தேயிலைக் கொழுந்து பறிச்சுக் குவிச்சா சூடேறி அவிஞ்சு போகாதா, அந்த மாதிரி.

மாதாவ நெனைச்சு ஒரு செபம் சொல்லிட்டு அணைப்பேன். தவறுனதே இல்ல. அந்த ஒரு ஞாயிறு தவிர.

அதக் கேக்கத்தான் காலையில இருந்து இங்கயே நிக்கிறேன். பட்டப்பகல்ல நாடு பூரா கரண்ட் போச்சே, அன்னைக்கு நான் அணைக்கல. இந்த ஒரு சுவிச்சால அப்படி ஆகுமா தம்பி?

சிரிக்காதீங்க. ஒண்ணால ஆகாது, சரி. நம்மளது ஒண்ணுதானேன்னு என்னைய மாதிரி எல்லாருமே நெனைச்சிருந்தா?

ஏன் அணைக்கலையா? எங்க வீட்டுக்காரரு பத்திநாதனுக்கு நெஞ்சு பூரா தேயிலைத் தூசி. முப்பது வருஷம் ஃபெக்டரியில சலிக்கிற அறையில நின்னவரு. ஆஸ்பத்திரியில ஒக்சிஜன் மெஷின் குடுத்தாங்க. நாங்க இருக்கிற லயத்து வீட்டுக் கரண்டு பத்தாம அது கீ கீன்னு கத்தும். கோயில் பக்கத்து அறையில கொண்டாந்து படுக்க வைங்கன்னாரு ஃபாதர். சனிக்கிழமை கொண்டாந்தோம். மறுநாள் மெசேஜ் வந்துச்சு. மெஷினு வெயில்லதானே ஓடுது, அணைச்சா மூச்சு நின்னுருமேன்னு விட்டுட்டேன்.

அப்படியா? அணைச்சிருந்தாலும் லைன் கரண்டுல ஓடியிருக்குமா?

ம். யாரும் சொல்லலியே.

பதினோரு மணிக்குக் கரண்ட் போச்சு. கூரையில வெயில் கொளுத்துது, சுவிச்சு போட்டபடி இருக்கு, மெஷினு ஊமையாக் கெடக்கு. லைன் செத்தா இந்த சோலாரும் சேந்து நின்னுருமா? லைன்ல வேலை செய்றவங்களுக்குக் கரண்ட் அடிக்கக் கூடாதுன்னா? சரிதான். அவங்களும் புள்ளகுட்டிக்காரங்க.

போன் டவரும் போயிருச்சு. வேன் பாக்க ஆள் ஓடுனாங்க. நான் விசிறிக்கிட்டே செபமாலை சொன்னேன். அந்தியிலதான் கரண்ட் வந்துச்சு. நோட்டன் பிரிட்ஜ் பக்கம் டேம் தண்ணியத் தொறந்து லைன கொஞ்சம் கொஞ்சமா எழுப்புனாங்களாம்.

மறுநாள் கொழும்புல இருந்து வந்த மக ஜொய்சி கேட்டா, அம்மா அன்னைக்கு சோலார அணைச்சீங்களான்னு. அணைச்சேன்னுட்டேன். அந்தியில லைட் வந்ததும் மெஷினு அதுபாட்டுக்கு ஓட ஆரம்பிச்சிருச்சு தம்பி. அவரு உசுரு போயி மூணு மணி நேரம், குழாய் இன்னும் மூக்குலயே இருந்துச்சு. நான்தான் போயி நிப்பாட்டுனேன். அன்னைக்கு நான் அணைச்சது அது ஒண்ணுதான்.

ஏறுங்க. ஏணிய நான் புடிச்சுக்கிறேன்.