புண் இல்லாத முதுகு

உங்கள் வீட்டில் யாராவது படுத்த படுக்கையாகக் கிடந்தால் என்னிடம் கேளுங்கள், இன்ஸ்பெக்டர் அம்மா. எந்த ஆபீசில் எந்த மேஜைக்குப் போக வேண்டும், எந்த மேஜைக்குப் போனால் பொழுது சாய்கிற வரைக்கும் நிற்க வைப்பார்கள் என்று சொல்லித் தருகிறேன். கல்லிடைக்குறிச்சியில் இந்த விஷயத்துக்கு இந்த மகாராஜனை விட்டால் ஆள் கிடையாது. பெருமைக்காகச் சொல்லவில்லை. மற்றவர்களின் லட்சணம் அப்படி.

எங்கள் அம்மை பேச்சித்தாய்க்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்தபோது சொந்தக்காரர்கள் என்ன கொண்டுவந்தார்கள் தெரியுமா? ஹார்லிக்சும் சாத்துக்குடியும். எச்சிலையே விழுங்க முடியாதவளுக்குச் சாத்துக்குடி. "எல்லாம் அவ தலையெழுத்து வே" என்று கட்டிலோரம் உட்கார்ந்து, நான் போட்ட காப்பியையும் குடித்துவிட்டுப் போனார்கள். நான் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் போய் நின்றேன். மாற்றுத்திறனாளி அட்டை வாங்கினேன். அதைக் காட்டிப் பராமரிப்பு உதவித்தொகைக்கு எழுதிப் போட்டேன். தண்ணீர்ப் படுக்கை வந்தது, வாக்கர் வந்தது, வீட்டுக்கே நர்ஸ் வந்தார். கைகால் பயிற்சி கொடுக்க முஃபீதா என்கிற பெண் வாரம் தவறாமல் வந்தாள். எல்லாம் ஏற்கெனவே இருக்கிற வசதிதான், கேட்கத்தான் நாதி இல்லை. கேட்க வெட்கப்படுகிற ஊர் இது. புறணி பேச மட்டும் வெட்கம் கிடையாது.

மாஞ்சோலை தேயிலை எஸ்டேட்டை மூடி மலையிலிருந்து எல்லாரையும் இறக்கியபோது நானும் அம்மையும் இறங்கி வந்தோம். நான் கல்யாணம் கட்டவில்லை. மலையில் நான் தலைக்கணக்கில் ஒரு ஆள், அவ்வளவுதான். பேர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. இங்கே அம்மையைக் குளிப்பாட்டி, பீ மூத்திரம் அள்ளிக் கொட்ட ஆரம்பித்ததும், "ஆம்பளப் பிள்ள இப்படிப் பாக்குதானே, எந்த மவ பாப்பா?" என்று தெருப் பெண்கள் மூக்கில் விரல் வைத்தார்கள். அவர்களே வீட்டில் மாமியாருக்கு அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். அவர்களை ஒரு நாய்கூட ஏறிட்டுப் பார்த்ததில்லை. அதற்கு நான் என்ன செய்ய? பிறகு ஒவ்வொருவராக என்னிடமே வழி கேட்டு வந்தார்கள். கோயில் கொடைத் திருவிழாவன்று விழாக் கமிட்டி சிவசங்கரன் அண்ணாச்சி மைக்கில் என் பேரைச் சொல்லிப் பொன்னாடை போர்த்தினார்.

வருகிறவர்களுக்கு அம்மையின் முதுகைக் காட்டுவேன். ஒருக்களித்துப் புரட்டி, துணியை விலக்கி, "ஒரு படுக்கப் புண்ணு இருக்கா, நல்லா பாருங்க" என்பேன். படுக்கையில் கிடந்தவர்களில் அப்படி ஒரு முதுகை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அம்மை கண்ணை மூடிக்கொள்வாள். கூச்சம் என்று நினைத்துவிடாதீர்கள், அவளுக்கு வெளிச்சம் ஆகாது. வாதத்தில் போன பேச்சு திரும்பியபோது அவள் முதலில் சொன்னது, "துணிய எறக்குலே." அன்றைக்கு வந்திருந்தவர்களிடம், "எங்க அம்மைக்குப் பேச்சு வந்துட்டு, பாத்தியளா" என்று அதையும் காட்டினேன்.

என் தங்கை தனலட்சுமியை ஏரலில் கட்டிக்கொடுத்திருக்கிறது. எப்போதாவது வருவாள். சேலை கசங்காமல் உட்கார்ந்து, ஒரு பாட்டம் அழுதுவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்பாள். அப்படி வந்த ஒருநாள் அம்மை அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னைய ஒன்கூட கூட்டிட்டுப் போயிரு" என்றாள்.

"எங்க வீட்டு வாசப்படி ஒசரம்மா. வாக்கரப் புடிச்சு நடந்து, இந்த வாசப்படிய ஏறி எறங்கிக் காட்டு. அன்னைக்கே கூட்டிட்டுப் போயிருதேன்" என்றாள் தங்கை.

மகன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது தாய் மகள் வீட்டில் போய்க் கஞ்சி குடித்தால் என்ன பேசுவார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா? மூக்கில் விரல் வைத்த அதே பெண்கள், "என்ன கொடும பண்ணானோ, மக வீட்டுக்கு ஓடிட்டா" என்பார்கள். என்னிடம் வழி கேட்டு யார் வருவார்கள்? பொன்னாடையை வைத்து நான் என்ன செய்ய, தலை துவட்டவா?

அதற்குப் பிறகு அம்மைக்கு ஒரு வெறி வந்துவிட்டது. சுவரைப் பிடித்து நின்றாள். கட்டிலைச் சுற்றி நடந்தாள். முஃபீதாவுக்கு ஒரே சந்தோஷம். "மலையில ஏறி எறங்குன காலு அண்ணே. தெனமும் நடக்க விட்டியள்னா பெரியம்மா ஓடவே செய்வாவ" என்றாள். படித்த பிள்ளைதான், வீட்டு நிலவரம் புரியாது. அம்மைக்கு ஓய்வு வேண்டும் என்று நான் பகலிலும் தூக்க மாத்திரை கொடுத்துவந்தேன். அதை நாக்குக்கு அடியில் ஒதுக்கி, நான் திரும்பியதும் தலையணை உறைக்குள் துப்பியிருக்கிறாள். பெற்ற பிள்ளையிடமே கள்ளத்தனம். எனக்கு மனசு விட்டுப்போயிற்று.

போன மாதம் முஃபீதா வாக்கரின் கால்களுக்குப் புது ரப்பர் புஷ் மாட்டிவிட்டுப் போனாள். வழுக்காமல் இருப்பதற்கு மாட்டுவது அது. "சனிக்கிழமை தனலட்சுமி வருதா. அவ முன்னால படியேறிக் காட்டணும்" என்றாள் அம்மை. என்னிடம் சொல்லவில்லை, முஃபீதாவிடம் சொன்னாள். நான் அடுக்களையில் நின்று கேட்டேன்.

அந்தச் சனிக்கிழமை காலையில் அம்மை முகம் கழுவிக்கொண்டிருந்தபோது புஷ்களைக் கழற்றினேன். பிறகு வாசல் பக்கம் தரையைத் துடைத்தேன். துடைத்த தண்ணீரில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் கலந்திருந்தது. புஷ் இல்லாத வெறும் குழாய் ஈரத் தரையில் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். வாக்கர் பிடிக்க ஊருக்கே சொல்லிக்கொடுத்தவன் நான். தனலட்சுமி தெருவில் வருவதைப் பார்த்ததும் அம்மை எழுந்தாள். நல்ல சேலை கட்டியிருந்தாள். நன்றாகத்தான் நடந்தாள், அதை நான் மறுக்கவில்லை. நிலைப்படிக்கு ஒரு எட்டு இருக்கும்போது விழுந்தாள். இடுப்பெலும்பு. தங்கை வாசலில் நின்று கூப்பாடு போட்டாள். ஓடிப்போய்த் தூக்கியது நான்தான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அம்மை கிடந்த கிடையில் வாக்கரின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு முஃபீதா வந்து வாக்கரைத் தலைகீழாகத் திருப்பினாள். "நான் மாட்டுன புஷ்ஷு எங்கண்ணே?" என்றாள். மாத்திரை டப்பாவில்தான் இருந்தது. அரசாங்கம் கொடுத்த சாமானோடு சேர்ந்ததைத் தூர எறிகிற பழக்கம் எனக்கு இல்லை. ஆமாம், நான்தான் கழற்றினேன். கொல்ல வேண்டும் என்று இல்லை. நடக்காமல் இருந்தால் போதும் என்றுதான்.

இனி நடக்க மாட்டாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்படியும் அவளை ஏரலுக்குத்தான் கொண்டுபோயிருக்கிறார்கள். நாலு பேர் ஸ்ட்ரெச்சரோடு தூக்கி அந்த உயரமான வாசற்படியை ஏற்றிவிட்டார்களாம். முதலிலேயே அப்படித் தூக்கிப் போயிருக்கலாமே, அந்தப் புத்தி அன்றைக்கு எங்கே போயிற்று? இப்போது அறைக் கதவைச் சாத்தியே வைத்திருக்கிறார்களாம், பார்க்க யாரையும் விடுவதில்லையாம். அம்மையே அப்படிச் சொல்லியிருக்கிறாளாம். நம்புகிற மாதிரியா இருக்கிறது? தனலட்சுமிக்குப் புரட்டிப் போடத் தெரியாது, பவுடர் போடத் தெரியாது.

ஒரு மாதம் கழித்து நீங்களே ஏரலுக்குப் போய், அந்தக் கதவைத் திறந்து, அம்மையின் துணியை விலக்கி முதுகைப் பாருங்கள். யார் குற்றவாளி என்று அப்போது தெரியும்.