விராலடிப்பானைப் பார்த்த காலை

ஹைதராபாதின் டிசம்பர் குளிர் எனக்கு ஒத்துக்கொண்டது, இன்ஸ்பெக்டர் மேடம். திருச்சியில் இப்படி ஒரு காலை கிடைக்காது. நீங்கள் செகந்திராபாத் தமிழச்சி என்பதும் நல்லதாயிற்று. கோர்வையாகச் சொல்லிவிடலாம்.

ஏ.எஸ்.ராவ் நகரில் எங்கள் பெண் ஹம்ஸினியோடு பத்து நாள் இருக்கலாம் என்றுதான் வந்தோம். மறுநாளே என் கணவர் வைத்தியநாதன், ராமச்சந்திராபுரத்துக்கு அப்பால் ஒரு ஏரி இருக்கிறது, பறவை பார்க்கப் போகணும் என்றார். முப்பத்தோரு வருஷமாக எந்த ஊருக்குப் போனாலும் நாங்கள் பார்ப்பது ஏரிதான். அவர் பைனாகுலரில் பார்த்துச் சொல்வார், நான் நோட்டில் எழுதுவேன். ஒரே ஒரு தடவை பைனாகுலரைக் கேட்டேன். "உனக்கு எது என்னன்னு தெரியப்போறது? எழுதினாப் போதும்" என்றார். வைத்தியநாதன் கெட்டவர் இல்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்று ஐந்து மணிக்கே இன்சுலின் போட்டுக்கொண்டார். ஹம்ஸினி இட்லி எடுத்து வைத்தாள். "வந்து சாப்பிட்டுக்கறேன், வெயில் ஏறிடும்" என்று கிளம்பிவிட்டார். டிரைவர் காரோடு ஏரி கேட்டிலேயே நின்றுவிட்டார். கரையோரமாக வெகுதூரம் நடந்து, நாணலுக்கு நடுவே தண்ணீரை ஒட்டியிருந்த மரப்பலகையில் உட்கார்ந்தோம். வேறு யாரும் இல்லை.

ஏழு மணி இருக்கும். எதிரே பட்டமரத்தில் மீன்பிடிக் கழுகான விராலடிப்பான் வந்து உட்கார்ந்தது. காலில் மீன் துடித்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. சட்டையெல்லாம் வேர்வை.

"வேதா, குளுக்கோஸ் எடு."

"கார்லயே வெச்சுட்டேனே" என்றேன்.

பாக்கெட் என் மடியில் இருந்த பையில்தான் இருந்தது. பிரிக்காமல் அது உங்கள் மேஜையில் இருக்கிறது.

"டிரைவருக்கு... போன்..." என்றார். நாக்கு குழறியது. நான் அவர் கழுத்திலிருந்து பைனாகுலரின் வாரைக் கழற்றி என் கழுத்தில் மாட்டிக்கொண்டேன்.

மேடம், அவ்வளவு கிட்டத்தில் நான் எதையும் பார்த்ததில்லை. மஞ்சள் கண். மீனைத் தலையிலிருந்து ஆரம்பித்து, அவசரமே இல்லாமல் பிய்த்துத் தின்றது.

"பதட்டத்துல மறந்திருப்பீங்க, இல்லையாம்மா?" என்று கேட்டீர்கள். ஹம்ஸினியும் அதையேதான் சொல்லி அழுகிறாள். நான் எதையும் மறக்கவில்லை. என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். ஒவ்வொரு விரலாகப் பிரித்து விடுவித்துக்கொண்டேன். பலகையிலிருந்து சரிந்தார். முகம் தண்ணீருக்குள் போயிற்று. முழங்கால் ஆழம்கூட இல்லை. தோளைப் பிடித்துத் திருப்பியிருந்தால் போதும். தெரிந்தேதான் திருப்பவில்லை. மீன் தீரும்வரை பார்த்தேன். ஏழு பத்திலிருந்து எட்டு வரை. நோட்டில் எழுதியிருக்கிறேன்.

அவர் மேல் எனக்குக் கோபம் எதுவும் கிடையாது, மேடம். கோபம் இருந்திருந்தால் கை ஆடியிருக்கும், பறவை அவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்காது.