ஆலங்கடவுத் தண்ணீர்

நான் அதிகம் தண்ணீர் குடிக்கிறவன் அல்ல. இதற்காக என் மனைவி அன்னக்கிளி என்னைத் திட்டாத நாள் கிடையாது. கிட்னியில் கல் வந்து கிடக்கப்போகிறீர்கள் என்பாள். ஆகவே இந்த விசாரணை மேஜையில் நீங்கள் வைத்த டம்ளரை நான் இன்னும் தொடவில்லை என்பதைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என் பெயர் சுயம்புலிங்கம், வடசேரி. ஆற்றுத் தண்ணீரின் தரத்தைச் சோதிப்பது இருபத்திரண்டு வருஷமாக என் உத்தியோகம். மாதத்தில் முதல் திங்களும் மூன்றாம் திங்களும் ஆலங்கடவுக்குப் போவேன். அங்கே பம்ப் ஹவுஸ் இருக்கிறது. அங்கிருந்து போகும் தண்ணீரைத்தான் கடற்கரையில் நானூறு வீடு குடிக்கிறது. அந்த ஊரின் பெயரை நீங்களே எழுதிவிட்டீர்கள், நான் திரும்பச் சொல்லவில்லை.

பாட்டில் நிரப்புவதற்கு ஒரு முறை உண்டு. மூடியைக் கடைசி நொடியில்தான் திறக்க வேண்டும். பாட்டில் வாயை ஆற்று ஒழுக்குக்கு எதிராகப் பிடிக்க வேண்டும். உடனே ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். இதில் ஒருநாளும் நான் பிசகியதில்லை. என்னிடம் வேலை பழகியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

பம்ப் ஆபரேட்டர் ததேயுஸ் முன்பு கடலுக்குப் போனவர். கயிறு இழுக்கும் இயந்திரத்தில் இரண்டு விரல் போனபிறகு இந்த வேலைக்கு வந்தார். நான் பெட்டியை மூடியதும் பம்ப் ஹவுஸ் குழாயில் டம்ளரைக் கழுவி, நிரப்பி, கையில் பிடித்துக்கொண்டு கேட்பார்: "வெள்ளம் குடிக்கலாமா சாரே?" மேற்குப் பக்கம் தண்ணீரை அப்படித்தான் சொல்வார்கள். குடிக்கலாம் என்பேன். அவர் ஒரு டம்ளர் குடிப்பார், நான் ஒரு டம்ளர் குடிப்பேன். பதினாறு வருஷம் அது எங்களுக்குள் ஒரு பழக்கமாக இருந்தது.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு பரிசோதனை முடிவு மோசமாக வந்தது. ஆற்றின் மேல்பக்கம் பாலத்துக்கு அடியில் செப்டிக் டேங்க் லாரிகள் வந்து கழிவைக் கவிழ்த்துவிட்டுப் போகின்றன என்று அறிக்கையில் எழுதினேன். லாரியை யாரும் பிடிக்கவில்லை. பம்பைத்தான் நிறுத்தினார்கள். மழை வந்து ஆறு நிரம்பும்வரை நாற்பத்தோரு நாள் ஊருக்கு டேங்கர் தண்ணீர். பத்தொன்பதாம் நாள், குறுகிய தெருவில் டேங்கர் பின்னால் எடுக்கும்போது குடத்தோடு நின்ற ஒரு பெண் சக்கரத்தில் அகப்பட்டாள். அவள் செசிலி, ததேயுஸின் மனைவி.

அடக்கத்துக்குப் போனேன். ஊர்க்காரர்கள் என்னோடு பேசவில்லை. ததேயுஸ் மட்டும் வந்து கையைப் பிடித்தார். "நீங்க உள்ளதத்தானே எழுதினிய சாரே. ஒங்கமேல ஒரு கொறையும் இல்ல" என்றார். கன்னத்தில் இரண்டு அறைந்திருந்தால் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பேன். அந்தச் சொல்லைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இனி என் கையால் இந்த ஊருக்குத் தண்ணீர் நிற்கக் கூடாது என்று அன்றைக்கு நினைத்தேன். இதில் கெட்ட எண்ணம் எங்கே இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள்.

போன வருஷம் லாரிகள் திரும்ப வர ஆரம்பித்தன. நான் ஒரு எண்ணைக்கூட மாற்றி எழுதவில்லை. பாட்டில் நிரப்பும் இடத்தை மாற்றினேன், அவ்வளவுதான். பம்ப் ஹவுஸுக்கு இருநூறு அடி தள்ளி, அணைத் தண்ணீர் கொண்டுவரும் சானல் ஆற்றில் வந்து விழுகிறது. அதன் வாயில் நிரப்பினேன். சானல் அடைத்த மாதங்களில் லாரிகள் கவிழ்க்கும் பாலத்தையும் தாண்டி ஆற்றின் மேல்பக்கம் போய் நிரப்பினேன். அந்த பாட்டிலில் இருந்த தண்ணீருக்கு அந்த எண் சரியானதுதான்.

முடிவுகள் நன்றாக இருந்ததால் ப்ளீச்சிங் பவுடரைக் குறைத்தார்கள். குழாயில் மருந்து வாடை போயிற்று. ஊரில் எல்லோருக்கும் சந்தோஷம். ததேயுஸிடம் எனக்குச் சாளை மீன் கொடுத்தனுப்பினார்கள். அன்னக்கிளி அதில் புளிமுளம் குழம்பு வைத்தாள். செசிலி இறந்தபிறகு அந்த ஊர் என் முகத்தைப் பார்த்தது அப்போதுதான். எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

இடம் மாற்றிய முதல் திங்களன்று ததேயுஸ் வழக்கம்போல் டம்ளரை நீட்டினார். இன்றைக்கு எனக்கு விரதம், பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக் கூடாது என்றேன். யோசித்துச் சொன்னதல்ல, வாயில் வந்துவிட்டது. "ஒருசந்தியா சாரே?" என்று கேட்டு, டம்ளரைப் பயபக்தியோடு கீழே வைத்தார். அவர்கள் கோயிலில் உபவாசத்துக்கு அப்படிச் சொல்வது. அடுத்த தடவை அவரும் திங்கட்கிழமை ஒருசந்தி பிடிக்க ஆரம்பித்திருந்தார். செசிலியின் ஆன்மாவுக்காக என்றார். எங்க ஒருசந்திக்கு வெள்ளம் குடிக்கலாம் சாரே என்று சொல்லி, காலையிலிருந்து காய்ந்த வயிற்றோடு ஒரு டம்ளர் நிறையக் குடித்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

என் பீரோவில் நீங்கள் எடுத்த இருபத்தாறு குப்பிகளைப் பற்றிக் கேட்டீர்கள். அவை மருந்து போட்ட சோதனைக் குப்பிகள், அதில் தண்ணீரை ஊற்றி ஒன்றிரண்டு நாள் வைத்தால், மலம் கலந்த தண்ணீராக இருந்தால் கறுத்துவிடும். அங்கே போன ஒவ்வொரு திங்கட்கிழமையும் பம்ப் ஹவுஸ் குழாயில் அதில் பிடித்துக்கொண்டு வந்தேன். அலுவலகத்துக்காக அல்ல, எனக்காக. இருபத்தாறும் கறுத்தன. ஒவ்வொன்றிலும் தேதி ஒட்டியிருக்கிறேன். மறைக்க நினைக்கிறவன் தேதி எழுதுவானா?

இடம் மாற்றிய பதினோராவது மாதம் ததேயுஸ் என்னிடம் ஒரு யோசனை கேட்டார். அவருடைய ஒரே மகள் பிரீனா மயிலாடிப் பக்கம் கட்டிக்கொடுத்தவள். முதல் பிரசவம். ஏழாம் மாதம் தாய் வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும், தாய்தான் இல்லை. கூட்டிவருவதா வேண்டாமா என்று அவருக்கு மனம் அலைந்தது.

"எனக்க மோளுக்கு அங்க நல்ல கெணத்து வெள்ளம் உண்டு சாரே. இங்கயும் நல்ல வெள்ளந்தானே. நீங்க சொன்னாக் கூட்டிட்டு வாறேன்."

வேண்டாம் என்று ஒரு சொல் போதும். காரணம்கூட அவர் கேட்டிருக்க மாட்டார். ஆனால் பிள்ளை வருகிறாள் என்ற சந்தோஷம் அவர் முகத்தில் தெரிந்தது. செசிலி போனபிறகு அந்த முகத்தில் நான் அதைப் பார்த்ததே இல்லை. கூட்டிட்டு வாங்க என்றேன்.

பிரீனாவை ஒரே ஒரு தடவை பார்த்தேன். அப்பாவுக்குச் சோறு கொண்டுவந்திருந்தாள். நடந்து வந்த களைப்பில் குழாயைத் திறந்து இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தாள். முகம் கழுவினாள். என்னைப் பார்த்து, நீங்கதான் எங்க வெள்ளத்தப் பாக்குற சாரா என்று கேட்டுச் சிரித்தாள். ஆமாம் என்றேன். அந்தச் சிரிப்பு இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

அப்புறம் நடந்தது உங்கள் காகிதத்தில் இருக்கிறது. நூற்றெழுபது பேருக்கு மஞ்சள்காமாலை. ததேயுஸுக்கும் வந்து குணமாயிற்று. நான்கு சாவு. அதில் மூன்று பேர் பிள்ளைத்தாய்ச்சிகள். இந்தக் காமாலை மற்றவர்களைப் படுக்கவைத்துவிட்டுப் போகும், வயிற்றில் பிள்ளை இருந்தால் கொண்டுபோய்விடும். இது எனக்கு முன்பே தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். படித்திருக்கிறேன்.

பிரீனாவை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த அன்று போனேன். பிள்ளையும் உள்ளேயே போய்விட்டது. பந்தலில் வெயில். ததேயுஸ் என்னை நாற்காலியில் உட்காரவைத்தார். ஊரில் எல்லோரும் தண்ணீரைத்தான் சொல்கிறார்கள், நான் நம்பவில்லை, சார் பார்த்த வெள்ளம் என்று அவர்களிடம் சொல்லிவிட்டேன் என்றார். பிறகு உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். இழவு வீட்டில் துக்கம் கேட்க வந்தவனுக்குக் கொடுக்கிற மரியாதை அது. எனக்கு விரதம் என்றேன்.

அவர் டம்ளரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இண்ணு புதன் இல்லியா சாரே."

அவர் அந்தத் தண்ணீரை மெதுவாக மண்ணில் ஊற்றினார். சத்தம் போடவில்லை, அழவும் இல்லை. மறுநாள் காலையில் உங்களுக்கு மனு எழுதிக் கொடுத்தார்.

கேட்டதற்கெல்லாம் சொல்லிவிட்டேன். இடத்தை மாற்றியது நான்தான். கூட்டிட்டு வாங்க என்று சொன்னதும் நான்தான். அப்போது பீரோவில் இருபத்திரண்டு குப்பி கறுத்து இருந்தது. ஆனால் ஒன்றை மட்டும் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். எல்லாம் அந்த ஊர் நன்றாக இருக்க வேண்டும் என்று செய்தது. அந்தத் தண்ணீரில் கெடுதல் வரும் என்று நான் மனதார ஒருநாளும் நினைத்ததில்லை.

இந்த டம்ளரை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். நல்ல தண்ணீராகத்தான் இருக்கும். இன்றைக்கு எனக்கு விரதம்.