மூச்சுக் குழா

பாத்துத் தம்பி, தலைய இடிச்சுக்காதீங்க, சிங்குக்கு அடியில அந்தக் கதவோட கொண்டி நீட்டிக்கிட்டு நிக்கும். மொதல்ல ஒரு சொம்பு தண்ணி ஊத்தறேன், சத்தத்தக் கேளுங்க. கேட்டுச்சா? கடக் கடக்னு, உள்ள யாரோ உக்காந்து குடிக்கிற மாதிரி. இப்ப மூக்க வைங்க. வேணாம் வேணாம், வைக்காதீங்க, வேலைய முடிக்க நீங்க முழுசா வேணும்.

ரெண்டரை வருஷமா இதே கூத்து. வந்தவனெல்லாம் ஆளுக்கு ஒரு வித்தை காட்டிட்டுப் போனான். மொத ஆளு சிங்குக்கு அடியில வளைவே வேணாம்னு நேரா ஒரு ஹோஸ மாட்டினான். சாக்கடை மொத்தமும் அடுப்படிக்கு வந்து குசலம் விசாரிச்சுது. ரெண்டாவது ஆளு மகா புத்திசாலி. ஒரு வளைவு பாதி நாத்தத்தத் தடுக்கும்னா ரெண்டு வளைவு முழுசாத் தடுக்கும்ல சார்னான். நீங்க இப்பக் கையில புடிச்சிருக்கீங்களே, அதுதான், வயித்துவலி வந்த பாம்பு மாதிரி. அதுலருந்து நாத்தமும் போகல, தண்ணியும் போகல. மூணாவது ஆளு எதையோ ஊத்தினான், அவனே இருமினான், இது உங்க வீட்டு நாத்தமே இல்ல, பக்கத்து வீட்டு நாத்தம்னான். நானும் நம்பிப் போய்ச் சண்ட போட்டுட்டேன். இப்ப அவங்களும் பேசறதில்ல.

அவங்களும்னா... விடுங்க, அது வேற.

சிரிச்சீங்களா? இருமலா? சரி சரி.

வீட்டுக்காரி கூடத்துலதான் இருக்கா. இத்தன நாள்ல வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லலையே. பாத்திரம் கழுவறப்ப முந்தானையால மூக்கக் கட்டிக்கிட்டு என்ன ஒரு பார்வை பாப்பா. அந்தப் பார்வைக்கு இந்த நாத்தமே தேவலாம். போன வாரம் தாங்க முடியாம, நல்ல ஆளு யாராவது இருந்தா சொல்லேன்டின்னேன். ஒரு சீட்டுல உங்க நம்பர எழுதி நீட்டினா.

ஒரு காலத்துல நல்லாத்தான் இருந்துச்சு தம்பி. நாலு வருஷம் முன்னாடி ஒருத்தர் வந்து செஞ்சாரு. ஒரே ஒரு வளைவு. அதுல நாலு விரக்கட தண்ணி எப்பவும் நிக்கும், அதுதான் சார் சாக்கடைக்குப் போட்ட கதவுன்னாரு. ஆனா அது மட்டும் போதாதாம். எண்ணெ டின்ல ஒரே ஓட்ட போட்டுக் கவுத்தா குபுக் குபுக்னு முக்கும். இன்னொரு ஓட்ட போட்டாத்தான் நூல் புடிச்ச மாதிரி எறங்கும். குழாவும் அப்படித்தான், மூச்சு விட எடம் வேணும், இல்லேன்னா போற தண்ணி வளைவுல நிக்கிற தண்ணியையும் உறிஞ்சிக்கிட்டுப் போயிடும், கதவு தொறந்துக்கும்னாரு. சொல்லிட்டு அந்தச் சுவரோட ஒரு குழாய மொட்ட மாடி வரைக்கும் ஏத்தி விட்டாரு. மூச்சுக் குழான்னாரு. அதுக்கப்பறம் ஒரு சத்தம் உண்டா, ஒரு நாத்தம் உண்டா?

ஆமா, இப்ப அங்க குழா இல்ல. அது போன ஓட்டைய சிமெண்டு வச்சு அடைச்சிருக்கு. அப்படித் தடவித் தடவிப் பாக்காதீங்க. தொழில் தெரிஞ்சவன் அடைச்ச மாதிரியா இருக்கு? ஆத்திரத்துல அப்பினது. நான்தான் அப்பினேன்.

நான்தான்யா. ரம்பத்த எடுத்து நானே அறுத்தேன். அந்த ஆளு இங்க குனிஞ்சு வேலை செய்யறப்ப என் பொண்ணு டார்ச் புடிச்சுக்கிட்டு நின்னா. அரை நாள் வேலைய மூணு நாள் இழுத்தப்பவே எனக்கு உறைச்சிருக்கணும். ஒன்றரை வருஷம் கழிச்சு, கட்டினா அவரத்தான்னு வந்து நிக்கிறா. குழா மாட்டறவனுக்குக் குடுக்கவா ஒன்னப் படிக்க வச்சேன்னு தெருவே கேக்கக் கத்தினேன். கல்யாணத்துக்கு அவங்கம்மா மட்டும்தான் போனா. அவ திரும்பி வர்றதுக்குள்ள, அவன் கை வச்ச குழா என் வீட்ல இருக்கப்படாதுன்னு...

ஒரு குழாய அறுத்தா சாக்கடைதான் வீட்டுக்குள்ள வரும், வேற யாரும் வர மாட்டாங்கன்னு அன்னிக்குத் தெரியல.

அறுத்த துண்டு பரண்லதான் கெடக்கு. தூக்கிப் போட மனசு வரல. நீங்க எடுத்த அளவுதானே, அப்படியே உக்காரும்.

என்ன தேடறீங்க, டார்ச்சா? இருங்க, நான் புடிக்கிறேன். ம்ஹும்... எனக்கு எங்க புடிக்கணும்னு தெரியல, வெளிச்சம் நீங்க பாக்கற எடத்துக்கே வர மாட்டேங்குது. ஜன்னல் வழியாப் பாத்தேன், கீழ உங்க வண்டியிலயே உக்காந்திருக்கா. எறங்க மாட்டேங்கிறா. அப்பா கூப்பிட்டாருன்னு... வேணாம், அதெல்லாம் சொல்ல வேணாம். டார்ச் புடிக்க ஆள் இல்லன்னு மட்டும் சொல்லுங்க மாப்ள. வந்துடுவா.