எல்லாம் ஏன் அம்பத்தூர்லயே கீது?

— பொரி பொட்டலத்த அப்பால வையி, ஞானசேகரா. மொதல்ல இதுக்கு பதில் சொல்லு. நம்ம கம்பெனில எட்டு மிஷினு கீது. ஏழுக்கு சந்தனம், குங்குமம், மாலைன்னு சோக்கா கீது. உன் லேத்து மட்டும் ஏன் நைனா மொட்டையா நிக்குது?

— அது வந்துண்ணே...

— ஆயுத பூஜை அன்னிக்கு, வர்ற வருசம் எவன் ஓட்டப்போறானோ அவன்தான் அந்த மிஷினுக்கு பொட்டு வெக்கணும். இந்த எத்திராஜ் கம்பெனி தொறந்த நாள்லேர்ந்து இதான் வழக்கம். பன்னண்டு வருசமா நீதான் வெச்ச. இன்னிக்கு இன்னா, கைல சுளுக்கா?

— கை நல்லாத்தேன் இருக்குண்ணே. இனிமே ஓட்டப் போறவுகளே வைக்கட்டும்னு விட்டேன். நான் ஊருக்குப் போறேண்ணே.

— தீபாவளிக்கு இன்னும் நாள் கீதே.

— லீவுல இல்லண்ணே, ஒரேயடியா. கமுதிக்கே. அங்கிட்டு ஒரு லேத்துப் பட்டறை...

— இன்னாது! வசந்தா! ஏ வசந்தா! அந்த பூசணிக்காய அப்டியே வெச்சிட்டு இந்தாண்ட வா. நம்ம ஞானம் கமுதில பட்டறை வெக்கப் போறானாம்!

— ஏன் இப்டி கத்தறீங்க? எதிர் கம்பெனிக்காரங்கல்லாம் எட்டிப் பாக்கறாங்க. நல்ல நாளும் அதுவுமா அந்தத் தம்பிய திட்டாதீங்க.

— திட்டலடி, வயிறு எரியுது. இவன் இல்லாம நான் எப்டி கம்பெனி நடத்துவேன்? தோ பார் ஞானம், உன்ன சூபர்வைசரா போட்டுடறேன். நாளைலேர்ந்து லேத்துகிட்டயே நிக்க வாணாம்.

— அதுக்கில்லண்ணே, நான் சொல்ல வந்தது...

— நீ சொல்லாத, நான் சொல்றேன். லேத்து வாங்கி வெச்சிட்டா பட்டறை ஆயிடுமா? இங்க லேத்துல இரும்ப சீவற டூல் பிட்டு ஒடஞ்சா தெரு முனைல கடை கீது. இரும்ப காய்ச்சி கெட்டியாக்கணுமா, பின்னாடி சந்து. முலாம் பூசணுமா, ரெண்டாவது தெரு. ஆர்டர் குடுக்கறவன் பைக்ல அஞ்சு நிமிசத்துல வந்து நிக்கறான். ஆளு வோணுமா, அண்ணனூர்ல ஒரு ரயில் நின்னா நூறு பேர் எறங்கறான். உங்க கமுதில இன்னா கீது?

— கருவேலங்காடு இருக்குண்ணே.

— அக்காங்! அத்த வெச்சிகினு இன்னா பண்ணுவ?

— கரி போடுவாக. கரி மூட்டை ஏத்திக்கிட்டு வாரவாரம் லாரி மெட்ராசுக்கு வருது. நீங்க ஞாயித்துக்கெழமை கரையான்சாவடிக்குப் போயி தந்தூரிக் கோழி திங்கிறீகள்ல, அது எங்க ஊரு கரியில சுட்டதா இருக்கும். திரும்பிப் போறப்ப லாரி காலியாத்தேன் போகுது.

— காலியாதான் போவும். அங்க எவன் இன்னா வாங்கறான்?

— அதைத்தேண்ணே நானும் ரோசிச்சேன். பங்குனித் திருவிழாவுக்கு ஊரே நெறைஞ்சு கெடக்கும். முடிஞ்ச மறுநாள் பஸ்சு பஸ்சா ஏறிருவோம். அப்புறம் தெருவுல ஆடும் கோழியுந்தேன். கம்பெனிக்காரவுகளைக் கேட்டா, அங்கிட்டு ஆளு இல்ல, அதனால வரலைங்கிறாக. ஆளு ஏன் இல்ல? எல்லாரும் இங்கிட்டு வந்துட்டோம். ஏன் வந்தோம்? அங்கிட்டு கம்பெனி இல்ல.

— இருப்பா, தல சுத்துது.

— எங்க ஊருக்கு முப்பது வருசமா சுத்துதுண்ணே.

— வசந்தா, சிரிக்காத! தொழில் நடக்கணும்னா அந்த மண்ணுல ஒரு தெறம வோணும். அது அம்பத்தூர்க்காரன் கைல கீது. அவ்ளோதான் விசயம்.

— தெறமையா? யாருது, ஒங்களுதா? ஒங்க அப்பா அண்ணனூர்ல நெல்லு போட்டுகினு இருந்தாரு. ரயிலு ஏற்கெனவே ஓடிகினு இருந்துச்சு. ஆவடில ஃபேக்டரி வந்துச்சு. அப்பால இங்க தொழிற்பேட்டை எஸ்டேட்டு வந்துச்சு. ரோடு, கரண்டு, தண்ணின்னு கவர்மெண்டே கொண்டாந்து ஊட்டு வாசல்ல எறக்கி வெச்சுது. நீங்க பண்ணது இன்னா? வாசல்ல நின்னுகினு இருந்தீங்க.

— ஏய், ஆளுங்க முன்னாடி மானத்த வாங்காத.

— அதே எஸ்டேட்ட கமுதில போட்டிருந்தாங்கன்னு வையுங்க. ஞானம் மொதலாளி. நீங்க துணிப்பைய மாட்டிகினு பஸ் ஏறிப் போயி, அவர்கிட்ட லேத்து ஓட்டிகினு இருப்பீங்க.

— ஐயையோ அண்ணி, அண்ணன் வந்தா நான் வேலை குடுக்க மாட்டேன். லேத்துல நின்னா அண்ணனுக்குக் கை நடுங்கும்.

— பார்றா! ரெண்டு பேரும் சேந்துகினு என்னை ஓட்டறீங்களா? சரி, வாய்ப் பேச்சு வாணாம். தோ, இந்த ஸ்டீல் புஷ்ஷ, குட்டிக் குழா மாதிரி கீதே, இத்த கைல புடி. நமக்கு வேலை ஜாஸ்தியானப்ப வசந்தா வெளில குடுத்து கடைஞ்ச சரக்கு, விஜி இன்ஜினியரிங்லேர்ந்து வந்துது. கட்டவெரல வெச்சுத் தடவிப் பாரு. வழுவழுன்னு இன்னாமா கீது! இந்த மாங்காட்டுக்காரன் கை கமுதில ஒருத்தனுக்கு வருமா? வந்துச்சுன்னா சொல்லு, நானே உனக்கு மாலை போட்டு அனுப்பறேன்.

— மாங்காடுன்னு ஒங்களுக்கு யார் சொன்னது?

— நீதாண்டி சொன்ன.

— நான் சொல்லல. ‘இவ்ளோ நைசா கடையறான், நம்ம பக்கத்து ஆளுதான், மாங்காட்டுக்காரனா இருப்பான்’னு நீங்களே சொல்லிகினீங்க. நான் கம்முனு இருந்தேன். நாலு மாசமா அந்த சரக்கு கரி லாரில வருது.

— கரி லாரிலயா? கமுதிலேர்ந்தா?

— ஆமா. மூட்டைக்கு மேல, சாக்குல சுத்தி. இன்னிவரைக்கும் ஒரு பீசு சரியில்லன்னு திரும்பல.

— அடப்பாவிங்களா! என் மூக்குக்கு கீழயே இவ்ளோ நடந்துகீது! யார்ரா அந்த விஜி?

— என் வீட்டுக்காரிண்ணே. ஐடிஐயில லேத்து ஓட்டுற டர்னர் படிப்பு படிச்சவ. படிச்ச படிப்புக்கு அங்கிட்டு வேலை இல்ல. எங்க அம்மாவை விட்டுட்டு இங்கிட்டு வரவும் முடியல. ரெண்டு வருசம் முன்னாடி ஒரு பழைய லேத்து கெடைச்சுச்சு, காலியாப் போற கரி லாரியில ஏத்தி விட்டேன். கரண்டு லைனுக்கு அவதேன் ஆபீசு ஆபீசா நடந்தா. அங்கிட்டு டூல் பிட்டு வாங்கணும்னா மதுரைக்குப் போகணும், அதனால நான் இங்கேருந்து அனுப்புவேன். இப்ப அவகூட ரெண்டு பொண்ணுக வேலை பாக்குது.

— இத்த ஏன்டா எங்கிட்ட சொல்லல?

— கமுதின்னு சொல்லியிருந்தா அந்தப் புஷ்ஷைக் கையில எடுத்துப் பாத்திருப்பீகளாண்ணே?

— ...பாத்திருக்க மாட்டேன். வாஸ்தவந்தான். டேய், எனக்கே இந்த பினிஷிங் வராதுடா.

— ஒங்களுக்கு எந்த பினிஷிங் வந்துச்சு?

— நீ கம்முனு இரு வசந்தா, அந்த மாலைய எடு. சொன்னா சொன்னதுதான். குனி ஞானம், இன்னும் கொஞ்சம் குனி. ஆங்! ராஜா மாதிரி கீற! எனக்கு மனசு அப்டியே ரொம்பிப் போச்சுடா.

— மாலை கனமா இருக்குண்ணே.

— இருக்கட்டும். ஆனா ஒண்ணு கேக்கறேன். அந்தப் பொண்ணு தனியாவே இவ்ளோ சோக்கா பட்டறை நடத்துதே, அப்போ நீ எதுக்கு போற? இங்கயே இரு. மாசம் ஒரு தபா அந்தக் கரி லாரில ஏறிப் போயி பாத்துட்டு வா. நீ போயி அங்க மொதலாளி நாற்காலில குந்திகினு இன்னா பண்ணப் போற?

— அதைத்தேண்ணே அப்பலேருந்து சொல்ல வர்றேன், நீங்க எங்க விடுறீக? நாற்காலி அவளுக்கு. பட்டறையில வேலை கூடிருச்சாம், லேத்து ஓட்ட ஒரு ஆளு வேணும்னு நேத்து போன்ல கேட்டா. எங்க ஊர்லயே எனக்கு வேலை கெடைச்சிருச்சுண்ணே!