முன்னுக்கு ரெண்டு போதும்

முதல் பனி கொட்டிய மறுநாள், செயின்ட்-மிஷேலில் ஒரு கராஜ் வாசலில் பனியில் வழுக்காத பனி டயர் மாட்டக் காத்து நின்றேன். இரண்டு மணி நேரம். கால் விறைத்து, யாரையாவது திட்ட வேண்டும் போலிருந்தது. எனக்கு முன்னால் நின்றவர் தமிழர். மெக்கானிக்கும் தமிழர்தான்.

"தம்பி, முன்னுக்கு ரெண்டு மட்டும் மாத்தும். பின்னுக்கு சம்மர் டயரே கிடக்கட்டும்."

"ஏன் அண்ணை?"

"பனி டயர் பெற்றோல் குடிக்குது. ரெண்டெண்டால் பாதிதானே குடிக்கும்."

"கொஞ்சம் கூடக் குடிக்கும்தான். ஆனா பிரேக் அடிக்கேக்க பின்பக்கம் சுத்திக்கொண்டு போகும், அண்ணை. சட்டப்படியும் நாலும் போடோணும்."

"எனக்குப் படிப்பிக்காதையும். முன்சில்லுதானே இழுக்குது. பின்சில்லு சும்மா இழுபட்டு வாறதுதானே."

பக்கத்தில் நின்ற அவருடைய மனைவி முன்னுக்கு வந்தார்.

"காலமை டோர்வலுக்கு வேலைக்குக் காரோட்டிப் போறது நான்," என்றார்.

"நீர் மெல்லமா ஓடும்."

"மெல்லமாத்தான் ஓடுறன். காருக்குள்ள, பின்னுக்கு என்ன இருக்கெண்டு ஒருக்கா பாருங்கோ."

அவர் குனிந்து பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். பின் சீட்டில் அவர்களுடைய பிள்ளை, சீட் பட்டி போட்டபடி, வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தது.

மெக்கானிக் ஜாக்கியைப் பிடித்தபடி நின்றான். மனுசன் நிமிரவே நேரம் எடுத்தது.

"சரி, நாலையும் போடும். ஆனா பனி கரைஞ்ச அண்டைக்கே கழட்டிப்போடோணும், இப்பவே சொல்லிப்போட்டன்."