ஹார்ட்டின் நாலையும் ஏழையும் எறிந்தது பற்றி

2025 ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 14 ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் 3.42 மணிக்கு, நான் உட்கார்ந்திருந்த சூதாட்ட இயந்திரத்தின் மேலே காட்டிய ஜாக்பாட் தொகை 9,412 டொலர். இந்த எண்ணைப் பொலிஸ் வாக்குமூலத்தில் முதலில் பதிய வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டதால் முதலில் பதியப்பட்டது. மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

என் பெயர் விநாயகமூர்த்தி தனோஜன். வயது 28. ரானுயியில் வாடகை வீட்டில் வசிக்கிறேன். விரியில் ஒரு களஞ்சியத்தில், பெட்டிகளை நகர்த்தும் பெல்ட்டுகளின் கட்டுப்பாட்டுக் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீசியன். வேலை விசாவில் இருக்கிறேன். நிரந்தர வதிவிட விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது. என் மேல் ஒரு குற்றச்சாட்டுப் பதிவானால் அது அத்தோடு முடிந்தது. எனக்கு ஆங்கிலம் தெரியும். ஆனால் அன்று பேசப்பட்டது தமிழ் என்பதால் மொழிபெயர்ப்பாளர் வித்தியா முன்னிலையில் இதைத் தமிழில் சொல்கிறேன்.

நகரத்திலுள்ள சூதாட்ட அரங்கில் போக்கர் இயந்திரங்கள் நான்கு ஒரே ஜாக்பாட்டில் இணைக்கப்பட்டிருக்கின்றன. திரையில் ஐந்து சீட்டு வரும், வேண்டாததை எறிந்து ஒரே ஒரு முறை மாற்றலாம். ஒரே சாதியில், அதாவது ஒரே சின்னத்தில், பத்து, ஜாக், குயின், கிங், ஏஸ் சேர்ந்தால் ஜாக்பாட். யாரும் வெல்லாதவரை தொகை ஏறிக்கொண்டே போகும். ஒருவர் வென்றால் நான்கிலும் ஒரே நேரத்தில் 4,000க்கு விழுந்துவிடும். அந்த இயந்திரம் கொடுக்கும் மற்றப் பரிசுகளையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் தொகை 8,700க்கு மேலே இருக்கும்போது ஆடுபவருக்குச் சாதகம், கீழே இருக்கும்போது அரங்குக்குச் சாதகம். மேலே என்றால் உட்காருவேன். கீழே என்றால் எழும்பிவிடுவேன். இதற்குக் களவு தேவையில்லை, பெருக்கத் தெரிந்தால் போதும்.

இராசநாயகம் என்பவர் நியூ லின்னில் இருக்கும், ஓய்வுபெற்ற பஸ் சாரதி. அவரை அந்த அரங்கில் மட்டுமே தெரியும். நான் எந்த இயந்திரத்தில் கை வைக்கும்போதும் விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன், வேலையிடத்திலும் அப்படித்தான். ஆயுத பூசை செய்கிற வீட்டில் வளர்ந்த பழக்கம், யோசித்துச் செய்வதில்லை. இதைக் கண்ட இராசநாயகம் எனக்கு ஏதோ ராசி இருக்கிறது என்று முடிவுகட்டி, நான் உட்காரும்போதெல்லாம் பக்கத்து இயந்திரத்துக்கு வந்துவிடுவார். "தம்பி, இண்டைக்கு மிசின் என்ன சொல்லுது?" என்பார். "ஐயா, மேலை இருக்கிற நம்பரைப் பாருங்கோ, என்னைப் பாக்காதேங்கோ" என்று ஒவ்வொரு முறையும் சொல்லியிருக்கிறேன். அவர் ஒரு முறைகூட மேலே பார்த்ததில்லை.

சம்பவ தினத்தில் நான் வழக்கம்போல் திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றி ஆடத் தொடங்கினேன். அதன் பின்பு இராசநாயகம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அதன் பின்பு, தொகை 9,430ஐத் தாண்டியிருந்த நேரத்தில், அவருக்கு ஐந்து சீட்டும் ஹார்ட்டினாகவே, சிவப்பு இதயச் சின்னமாகவே வந்தன. பத்து, ஜாக், குயின், கூடவே நாலு, ஏழு. ஐந்தும் ஒரே சாதி என்றால் அதுவே பரிசு, அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும். அவர் நாலையும் ஏழையும் எறியப் போவதைப் பார்த்து, "ஐயா எறியாதேங்கோ! அஞ்சும் ஒரே சாதி, வைச்சிருங்கோ!" என்று சத்தம் போட்டேன். அவர் திரும்பி, "நாலு முந்நூற்று நாலிலை கட்டிலையே இல்லை. ஏழுக்குப் புள்ளியே கிடையாது. குப்பையை வைச்சு என்ன செய்யிறது?" என்று சொல்லிக்கொண்டே பொத்தானை அழுத்தினார். முந்நூற்று நாலு என்பது யாழ்ப்பாணத்தார் விளையாடும் சீட்டாட்டம், அதில் ஆறுக்குக் கீழே சீட்டே இல்லை. இந்த இயந்திரத்துக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

எறிந்த இடத்தில் கிங்கும் ஏஸும் வந்தன. அப்படி வருவதற்கு 1,081இல் ஒரு வாய்ப்பு. மணி அடித்தது, விளக்கு சுற்றியது. இராசநாயகம் கையைத் தூக்கிக்கொண்டு, "தம்பி, உடைச்சுப் போட்டனோ?" என்றார். "இல்லை, வெண்டிட்டியள்" என்றேன். மேலே பார்த்தேன், 4,000. மீதிப் பணத்துக்கு இயந்திரத்திலிருந்து ரசீது எடுத்து, திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிவிட்டு எழும்பினேன். 4,000இல் உட்கார்ந்திருக்க எனக்கு விசரில்லை.

அதன் பின்பு அரங்கின் காவலாளிகள் வாசலில் என்னை நிறுத்தினார்கள். ஒருவர் தொட்டு ஒற்றிச் சைகை செய்கிறார், பக்கத்தில் இருப்பவரிடம் புரியாத மொழியில் கத்துகிறார், அவர் வென்றதும் வாழ்த்தாமல் வெளியேறுகிறார், ஆகவே இருவரும் கூட்டு என்பது அவர்களின் சந்தேகம். இராசநாயகத்தின் பணத்தை நிறுத்தி வைத்து, பொலிசுக்கு அறிவித்தார்கள். நான் ஆங்கிலத்தில் விளக்கினேன். தொட்டுக் கண்ணில் ஒற்றுவதை அங்கே செய்து காட்டியதுதான் பிழை. அதையும் கமெராவில் எடுத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து வேலைக்குப் போனேன், வந்தேன். என் வதிவிட விண்ணப்பத்தைப் பார்க்கும் லோயர் அனுப்பிய மின்னஞ்சல்களைத் திறக்கவில்லை.

இன்று, 24 ஆம் திகதி புதன்கிழமை காலை, அன்று இயந்திரங்களுக்குப் பக்கத்தில் நின்ற காவலாளியின் மார்பிலிருந்த கமெராவின் ஒலிப்பதிவைப் பொலிஸ் நிலையத்தில் எனக்குப் போட்டுக் காட்டினார்கள். என் குரல் கேட்டதும் வித்தியா என்னைப் பார்த்து, "என்னங்க இது, நீங்க எறியாதீங்கன்னுதானே கத்துறீங்க?" என்றார். ஓம் என்றேன். அவர் அதை மொழிபெயர்த்ததும் விசாரணை அதிகாரி மறுபடி போடச் சொன்னார், மூன்றாம் தடவையும் போடச் சொன்னார். நான் சொன்னதைக் கேட்டிருந்தால் இராசநாயகம் ஜாக்பாட்டை வென்றிருக்கவே மாட்டார் என்பது அவருக்கு விளங்கியது. கண்ணில் ஒற்றுவதைப் பற்றி வித்தியா, "எங்க வீட்ல புது ஸ்கூட்டர் சாவி வந்தாலும் இதேதான்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அதையும் அதிகாரிக்கு ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னார். இராசநாயகத்திடம் ஏன் எறிந்தீர்கள் என்று முதல் நாள் கேட்டபோது, அவர் முந்நூற்று நாலின் விதிகள் முழுவதையும் விளக்கினாராம். அதிகாரிக்கு அது இன்னும் விளங்கவில்லை என்று அவரே சொன்னார்.

அதன் பின்பு அதிகாரி, என் மேலோ இராசநாயகம் மேலோ குற்றச்சாட்டு எதுவும் இல்லை, கோப்பு மூடப்படும், அதற்கு இன்றே கடிதம் தரப்படும், இராசநாயகத்தின் பணம் விடுவிக்கப்படும் என்றார். காலையிலிருந்து மேசையில் இருந்த தண்ணீரை அப்போதுதான் எடுத்துக் குடித்தேன். இன்னொரு கிளாஸ் கேட்டேன், தந்தார்கள்.

இனி நான் செய்யப்போவது:

1. குற்றச்சாட்டு இல்லை என்ற கடிதத்தை இன்றே லோயருக்கு அனுப்புவேன்.

2. லோயரின் பழைய மின்னஞ்சல்களைத் திறப்பேன்.

3. இராசநாயகம் முந்நூற்று நாலு விளையாடக் கூப்பிட்டிருக்கிறார், போவேன். அங்கே எறிவதற்கு நாலே இல்லை.

4. தொகை 8,700ஐத் தாண்டும்வரை அந்த அரங்குப் பக்கம் போகமாட்டேன். இப்போது போவதற்குக் காரணம் இல்லை.

5. பக்கத்தில் இருப்பவர் ஐந்து ஹார்ட்டினில் இரண்டை எறியப் போனால் மறுபடியும் "எறியாதேங்கோ" என்றுதான் சொல்வேன். அதுதான் சரியான ஆட்டம்.

எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. நான் சொன்னபடியே இருக்கிறது, நடந்ததும் இதுவே.

(ஒப்பம்) வி. தனோஜன்

மொழிபெயர்ப்பாளர் குறிப்பு: பேனாவை வாங்கியதும் அதைக் கண்ணில் ஒற்றிவிட்டே ஒப்பமிட்டார். அதிகாரி பார்த்துக்கொண்டிருந்தார். — வித்தியா